தோலுக்கு ஸ்டால் இல்லை

(திறந்தவெளிக் கலை, கைவினைக் கண்காட்சிகள் குறித்து மயிலாப்பூரில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்.)



பூங்காவிலும் கடற்கரையிலும் தெருவிலும் ஓவியக் கண்காட்சி, கைவினைச் சந்தை என்று போடுகிறார்களே, அதில் யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்று தீர்மானிக்கிற அஞ்சாறு பேரைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஓவியன் இல்லை. கவிதை எழுதுகிறவன். வயித்துப்பாட்டுக்கு வங்கியில் கிளார்க். ரெண்டு இடத்திலும் தேர்வுக் குழு என்றால் என்ன என்று தெரியும். கவிதை அனுப்பினால் ஆசிரியர் குழு, கடன் மனு போட்டால் மேலாளர். அந்த அனுபவத்தோடுதான் பேசுகிறேன்.

முதலில் இந்தத் 'திறந்தவெளி' என்கிற சொல்லைக் கொஞ்சம் உரிச்சுப் பார்ப்போம். சுவர் கிடையாது, கூரை கிடையாது, டிக்கெட் கிடையாது, யார் வேணும்னாலும் வரலாம் என்கிறார்கள். பார்க்க வருகிறவனுக்கு அது சரி. செஞ்சு கொண்டு வருகிறவனுக்கு? அவனுக்கு ஒரு வாசல் இருக்கு. சுவரே இல்லாத இடத்தில் வாசல் எதுக்கு என்று கேட்டால், அங்கே ஒருத்தர் நிற்கிறார், அவர் பேர் நடுவர். நம்ம ஊர்த் தெருவுக்கும் கூரை கிடையாது. வானம் பார்த்த தெருதான். அதில் செருப்புப் போட்டு நடக்க நம்மை விட்டார்களா? வானம் திறந்திருக்குங்கிறதால தெருவும் திறந்திருக்குன்னு அர்த்தமில்லை.

இதே நகரத்தில் ஒரு வேடிக்கை பாருங்க. தியாகராய நகர் பாண்டி பஜாரில் பல வருசமா நடைபாதையில் கடை போட்டிருந்தவர்களை 2013இல் ஒரு கட்டடத்துக்குள் அனுப்பினார்கள். 2019இல் அந்த ரோட்டை நடப்பவர்களுக்கான அகலமான வளாகமாக மாற்றித் திறந்தார்கள். நடைபாதையில் ஒருத்தர் தானா உட்கார்ந்து வித்தா அதுக்குப் பேர் ஆக்கிரமிப்பு. அதே நடைபாதையில் ஒரு குழு தேர்ந்தெடுத்து, துணிப்பந்தல் போட்டு, மேசை கொடுத்து உட்கார வச்சா அதுக்குப் பேர் கண்காட்சி. பொருள் மாறலை, வெயிலும் மாறலை. தேர்ந்தெடுத்த கை ஒண்ணுதான் வித்தியாசம். அந்தக் கை யாருடையது என்பதுதான் இன்றைக்கு நம்ம கேள்வி.

நடுவர் வைத்துக் கண்காட்சி நடத்துவது இந்த ஊருக்குப் புதுசில்லை. 1851இல் லண்டனில் மாபெரும் கண்காட்சி நடந்தது. பொருள்களை 30 வகுப்பாகப் பிரித்து நடுவர் குழுக்களைப் போட்டார்கள். நாலே வருசத்தில், 1855இல், அதே அச்சில் சென்னையிலும் ஒரு கண்காட்சி. இங்கேயும் 30 வகுப்பு, இங்கேயும் நடுவர் குழுக்கள். வெள்ளைக்காரனைப் புகழ நான் இங்கே வரலை. அவனுக்குத் தேவை கச்சாப் பொருள். எந்த ஊரில் என்ன விளையும், எவன் கை எதைச் செய்யும், எதைக் கப்பலேற்றினால் காசு என்று கணக்கெடுக்கத்தான் கடை விரிச்சான். ஆனாலும் ரெண்டு விசயத்தை நாம குறிச்சு வச்சுக்கணும். ஒண்ணு, லண்டனில் 16ஆம் வகுப்பே தோலுக்கும் சேணத்துக்கும் ஒதுக்கப்பட்டிருந்தது. ரெண்டு, சென்னை நடுவர்களின் அறிக்கைகள் புத்தகமாக அச்சில் வந்தன. எதைப் பார்த்தோம், எது நல்லது, எது மட்டம், ஏன் என்று எழுதி வைத்தார்கள். நூற்று எழுபது வருசம் ஆச்சு. இன்றைக்கு ஒரு கைவினைச் சந்தையில் இடம் கேட்டு மறுக்கப்பட்டவருக்கு ஒரு வரி காரணம் எழுத்தில் கிடைக்குதா?

அந்தக் காலத்திலேயே, 1850இல், அலெக்சாண்டர் ஹன்டர் என்கிற மருத்துவர் இங்கே ஒரு கலைப் பள்ளியைத் தொடங்கினார். இன்றைக்கு எழும்பூர் பக்கம் இருக்கிற அரசு கவின்கலைக் கல்லூரி அதுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அங்கே இருந்தபோது குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனைகளை நடத்தினார். கலைப் பள்ளிக்குள்ளே தோல் இருந்தது என்பதை அழுத்திச் சொல்றேன். அப்புறம் பள்ளி கல்லூரி ஆச்சு. 'ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ்' என்று இருந்த பேரில் கிராஃப்ட்ஸ் உதிர்ந்து, 'ஃபைன் ஆர்ட்ஸ்' என்று நின்றது. பேர்ப்பலகையில் ஒரு சொல் போனா என்ன போச்சு என்று கேட்கலாம். கவின்கலை ஒரு பக்கம், கைவினை மறுபக்கம் என்று கோடு போட்டாச்சு. கோட்டுக்கு அந்தப்பக்கம் மூளை, இந்தப்பக்கம் கை. நமக்கு இந்தக் கோடு ரொம்பப் பழக்கமானது இல்லையா? அந்தக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலை 1959இலிருந்து மெரினாவில் நிற்கிறது. நாலு பேர் பாறையை நெம்புகிறார்கள். நல்ல சிலை, எனக்குப் பிடிக்கும். ஆனால் உழைப்பைச் செதுக்கி வச்சா கலை, உழைக்கிறவனே ஒண்ணைச் செஞ்சா கைவினை, அதையும் நம்ம ஆள் செஞ்சா வெறும் தொழில். இந்த மூணு படிக்கட்டுதான் எல்லாக் கண்காட்சிக்கும் வாசல்படி.

கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்களே, அவர்கள் பத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்றுத்தான் நிலம் வாங்கினார்கள், வயித்தைக் கழுவினார்கள். கைவினை சோறு போட்டது, ஓவியம் பேர் வாங்கிக் கொடுத்தது. சோறு போட்டதுக்கும் ஒரு பேர் வேணாமா?

உலகத்தில் நடுவர் குழுவை எதிர்த்தவர்கள் இல்லையா? இருந்தார்கள். பாரீஸில் அரசுக் கண்காட்சி நடுவர்கள் 1863இல் ஆயிரக்கணக்கான படங்களைத் தள்ளினார்கள். சத்தம் கிளம்பி, தள்ளுபடியானதுக்கென்றே தனிக் கண்காட்சி வைக்க வேண்டியதாச்சு. எதுவார் மானேயின் படம் அதில்தான் தொங்கியது. ஊர் சிரிச்சது. இன்றைக்கு அந்தப் படத்தைத்தான் பாடத்தில் வைக்கிறார்கள். 1884இல் அங்கே சில ஓவியர்கள் சேர்ந்து நடுவரும் வேண்டாம், பரிசும் வேண்டாம் என்று சங்கமே வைத்தார்கள். 1930களின் தொடக்கத்தில் பொருளாதார நெருக்கடியில் நியூயார்க்கின் வாஷிங்டன் சதுக்கத்தை ஒட்டிய நடைபாதையில், வாடகை கட்டக் காசில்லாமல், ஜாக்சன் பொல்லாக் போன்றவர்கள் படங்களை வைத்து விற்றார்கள். அப்படித் தெருவில் தொடங்கியதுதான் பின்னால் வருசா வருசம் நடக்கிற திறந்தவெளிக் கண்காட்சியானது. இன்று அமெரிக்காவில் இதுபோல ஏகப்பட்டது நடக்குது. மனுவோடு கட்டணம் கட்டணும், அது திரும்பாது. நாலைந்து படம் அனுப்பணும், கடை எப்படி இருக்கும் என்று ஒரு படம். பல இடத்தில் நடுவர் பார்க்கும்போது செஞ்சவர் பேரை மறைச்சிடுறாங்க. பேர் தெரியாம மதிப்பெண் போடுறாங்க.

'நம்ம ஊர்லயும் பேரை மறைச்சிடலாமே, சாதி தெரியாதே' என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இங்கே பேரை மறைச்சா போதுமா? பொருளே பேசுமே! மண்ணுக்கு ஒரு சாதி, மூங்கிலுக்கு ஒரு சாதி, தோலுக்கு ஒரு சாதி என்று பிரிச்சு வச்ச நாடு இது. மேசை மேல் ஒரு பறையை வைங்க. பக்கத்தில் எந்தச் சீட்டும் வேண்டாம். செஞ்சவன் தெரு வரைக்கும் நடுவருக்குத் தெரிஞ்சிடும்.

அப்படியென்றால் தோல் என்றாலே அவர்களுக்கு ஆகாதா? அப்படியும் சொல்ல முடியாது. இங்கிருந்து பஸ் ஏறினா கொஞ்ச நேரத்தில் அடையாறு. அங்கே 1948இலிருந்து மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. தோல் அங்கே விஞ்ஞானம். கடைக்குப் போனா தோல் கைப்பை, அது நாகரிகம். வருசா வருசம் சென்னையில் தோல் பொருள் வர்த்தகக் கண்காட்சி நடக்குது, அங்கே அது ஏற்றுமதி, அன்னியச் செலாவணி. சபாவில் மிருதங்கம், அது தெய்வீகம். மிருதங்கத்தில் என்ன இருக்கு? பலா மரத்தைக் குடைஞ்சு, மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் மூணும் வச்சு, வார் இழுத்துக் கட்டி, வலந்தலையில் கரணை போட்டு, தட்டித் தட்டிச் சுருதி கூட்டித் தருகிற கைகள் யாருடையவை? தலைமுறை தலைமுறையாகப் பெரும்பாலும் தலித் கிறித்தவர்கள். அவர்கள் கதையை டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று புத்தகமாக எழுதினார். 2020இல் அதன் வெளியீட்டுக்குக் கலாக்ஷேத்ரா முதலில் இடம் கொடுத்து, பிறகு அனுமதியைத் திரும்பப் பெற்றது. விழா தரமணியில் உள்ள இதழியல் கல்லூரிக்குப் போனது. பாருங்க, மிருதங்கம் மேடையேறலாம். அது எந்த மாட்டிலிருந்து வந்தது, எந்தக் கையிலிருந்து வந்தது என்கிற பேச்சு மேடையேறக் கூடாது.

ஆக, தோல் தீட்டு இல்லை. தோல் நம்ம கையில் இருக்கிற வரைக்கும்தான் தீட்டு. கை மாறினால் அது விஞ்ஞானமாகலாம், சங்கீதமாகலாம், கைப்பையும் ஆகலாம்.

எங்க பெரியப்பா பறை செய்கிறவர். சட்டத்துக்கு மரம் பார்த்து எடுப்பதிலிருந்து, தோலில் மயிர் களைந்து, புளியங்கொட்டைப் பசை காய்ச்சி ஒட்டுகிற வரைக்கும் எல்லாம் அவர் கைதான். நகரத்தில் நடந்த ஒரு கைவினைச் சந்தைக்கு அவர் பேரில் மனு எழுதி, படமெடுத்து அனுப்பினேன். கைவினைஞர் அடையாள அட்டை நகலும் வச்சோம். போன் வந்தது. 'இது இசைக்கருவிங்க, கைவினையில வராது' என்றார்கள். சரி என்று இசைக்கருவிகள் வைக்கிற இன்னொரு இடத்தில் கேட்டோம். 'இது நாட்டுப்புறக் கைவினைங்க, எங்க வகையில வராது' என்றார்கள். ரெண்டு வாசலுக்கும் நடுவில் நின்னோம். மறுபடி முதல் இடத்திலிருந்தே ஒரு அம்மா கூப்பிட்டு, ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். 'உள்ளங்கை அளவுக்குச் சின்னதா, சாவிக்கொத்துல தொங்கவிடுற மாதிரி செஞ்சு தருவாரா? வாசனை மட்டும் வரக்கூடாது' என்று கேட்டார். நான் பெரியப்பாகிட்ட சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லலை. அப்புறம், 'ஏந்தம்பி, அதுல அடிச்சா சத்தம் வருமா?' என்றார். வராது என்றேன். 'அப்ப அது பறை இல்லப்பா, நமக்கு வேணாம்'னுட்டார்.

இதுதான் நான் சொல்ல வந்ததின் மையம். நம்மை முழுசா ஒதுக்குகிற காலம் ஓரளவு போயிடுச்சு. இப்போது நம்மைச் சின்னதாக்கி உள்ளே விடுகிற காலம். சத்தம் வராத பறை, நாத்தம் வராத தோல், பேசாத ஆள். இந்த அளவுகோலுக்கு ஒத்துக்கொண்டால் நாளைக்கே ஸ்டால் கிடைக்கும்.

நான் ஒருதலையாகப் பேசவில்லை. நல்லதும் நடந்திருக்கு. 2007 பொங்கலுக்குச் சென்னை சங்கமம் தொடங்கியபோது இதே மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவிலும் பெசன்ட் நகர் கடற்கரையிலும் கிராமியக் கலைகள் வந்தன, பறை வந்தது. வாக்கிங் போகிற மாமாக்கள் நின்னு பார்த்தார்கள். இடையில் நின்று, 2023இல் அந்த விழா மறுபடி தொடங்கியது. 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர் தெருவிலேயே விழா நடத்தி, சபாக்காரர்களைக் குப்பத்துக்கு வர வைத்தார்கள். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், பறை இசைக்காகவே. இதையெல்லாம் சும்மா என்று தள்ள எனக்கு மனசில்லை.

ஆனால் நம்ம பக்கத்திலேயே ஒரு கேள்வி இருக்கு, அதை மறைக்கக் கூடாது. சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று நம்ம சனங்க எத்தனை ஊரில் எதிர்த்து நின்றார்கள், அதுக்காக எவ்வளவு அடி வாங்கினார்கள்! பறையைக் கீழே போட்டது விடுதலை. அதையே இன்றைக்குப் பூங்காவில் எடுத்து அடிப்பதும் விடுதலையா? என் பதில் இது. ஊர் கூப்பிட்டு அடிச்சா அடிமைத்தனம், நாமா அடிச்சா கலை. அடிக்கவும் அடிக்காமல் இருக்கவும் உரிமை இருக்கிற இடத்தில்தான் கலை பிறக்குது. அதனால்தான் கைவினைக் கண்காட்சியைப் பார்த்தால் எனக்கு ஒரு பக்கம் சந்தோசமும் ஒரு பக்கம் பயமும் வருது. 'பரம்பரைக் கைவினைஞர்' என்று பலகை மாட்டி ஆளை உட்கார வச்சு, நாலு நாள் எல்லார் முன்னாலும் கூடை முடையச் சொல்கிறார்களே, அங்கே பார்வைக்கு இருப்பது கூடையா, ஆளா?

1953இல் ராஜாஜி கொண்டு வந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லித் தமிழ்நாடு எதிர்த்தது, 1954இல் அது போனது. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் வந்தது. 18 தொழில்கள், அதில் செருப்புத் தைப்பதும் உண்டு, கூடை, பாய், துடைப்பம் செய்வதும் உண்டு. குடும்பம் சார்ந்த பாரம்பரியத் தொழில் என்பது அதன் அடிப்படை. தமிழ்நாடு அரசு அதை ஏற்கவில்லை. 2025இல் கலைஞர் கைவினைத் திட்டம் என்று 25 தொழில்களுக்குத் தனியாகக் கொண்டு வந்தது. குறைந்தபட்ச வயது 35, குடும்பத் தொழிலாக இருக்கணும் என்கிற நிபந்தனை இல்லை. வங்கி கவுண்டரில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் சின்னதில்லை. பதினெட்டு வயசுப் பையனிடம் 'உங்கப்பன் தொழில் என்ன' என்று கேட்கிற படிவம் வேற, முப்பத்தஞ்சு வயசு ஆளிடம் 'நீ என்ன செய்யத் தேர்ந்தெடுத்தே' என்று கேட்கிற படிவம் வேற. கண்காட்சி மனுவும் இந்த ரெண்டில் ஒண்ணாகத்தான் இருக்கும். எது என்று நாம பார்த்துச் சொல்லணும். பறை செய்கிறவர் மகள் எண்ணெய் வண்ணத்தில் படம் போட்டுக் கொண்டு வந்தால், 'நீங்க கைவினைப் பக்கம் போங்க' என்று கை காட்டக் கூடாது. பார்ப்பன வீட்டுப் பையன் பறை செய்ய வந்தால், தோலை அவனும் உரிச்சுப் பழகட்டும், வரவேற்போம்.

இங்கே வடக்கு மாட வீதியில் ஜனவரியில் மயிலாப்பூர் விழாவின்போது கோலப் போட்டி நடக்குது. பெண்கள் தெருவில் குனிஞ்சு கோலம் போடுறாங்க, நடுவர்கள் நடந்து பார்த்துப் பரிசு கொடுக்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதே வீதியில் நவராத்திரிக்கு நடைபாதை முழுக்கக் கொலு பொம்மைகள். அதுக்கு நடுவரே இல்லை, வாங்குகிறவர்தான் நடுவர். ரெண்டும் எனக்குப் பிடிக்கும். ஆனால் மறுநாள் விடியலில் இந்த வீதியைக் கூட்டுகிற அக்காமார்கள் தினம் தினம் எத்தனை ஆயிரம் கோலத்தைப் பார்க்கிறார்கள்! எந்தக் கோடு நேரானது, எந்தப் புள்ளி தப்பினது என்று அவர்களுக்குத் தெரியாதா? அவர்களில் ஒருத்தரை ஒரு தடவையாவது நடுவராகப் போட்டுப் பார்ப்போமே. பெருந்தன்மைக்காக இல்லை, அவர்கள் கண்ணுக்காக.

சும்மா புலம்பிட்டுப் போக நான் வரவில்லை. கேட்க வேண்டியது நாலு.

ஒண்ணு, எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைத் தமிழில், மனுவிலேயே அச்சடிச்சுக் கொடுங்கள். 'தரம்', 'ரசனை', 'பாரம்பரியம்' என்று ஒத்தைச் சொல்லில் முடிக்காதீர்கள். பறைக்குத் தரம் என்றால் என்ன? சட்டம் எத்தனை துண்டு, இணைப்பு எப்படி, தோல் எங்கே கனம் எங்கே மெலிசு, நெருப்பில் காட்டினால் எவ்வளவு நேரம் குரல் நிக்கும் என்று பாருங்கள். அதைப் பார்க்கத் தெரிஞ்சவர் வேணும் இல்லையா?

அதனால் ரெண்டாவது, குழுவில் பாதிப் பேராவது கையால் செய்கிறவர்களாக இருக்கணும். தோல், மூங்கில், மண், தறி எல்லாவற்றிலிருந்தும். பெண்களும் இருக்கணும்.

மூணாவது, மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். இது ஒண்ணும் புரட்சி இல்லை. சின்னக் கடன் மனுவை நிராகரித்தால் முக்கியக் காரணத்தை எழுதித் தெரிவிக்கணும் என்று ரிசர்வ் வங்கி 2003லேயே வங்கிகளுக்குச் சொல்லியாச்சு. ரெண்டு லட்ச ரூபாய் கடனுக்கு இருக்கிற மரியாதை ஒரு மனுசனின் வாழ்நாள் வேலைக்கு வேண்டாமா? எழுத்தில் வந்தால் பதில் சொல்லலாம், மேல்முறையீடு செய்யலாம். போனில் சொன்னது காத்தோடு போகும்.

நாலாவது, 'செய்து காட்டுங்கள்' என்று உட்கார வைத்தால் அந்த நாளுக்குக் கூலி கொடுங்கள், நிழல் கொடுங்கள், கேட்கிற விலையை அவரே சொல்ல விடுங்கள். கச்சேரிக்காரருக்குச் சன்மானம், கைவினைஞருக்கு மட்டும் 'உங்களுக்கு இது ஒரு வாய்ப்பு' என்று சொல்வது எந்த நியாயம்?

அப்புறம் நடுவரே வேண்டாம் என்று சொல்லிடலாமே என்று இளைஞர்கள் கேட்கலாம். சொல்லலாம். நாமே ஒரு தெருவில், நம்ம தெருவிலேயே, நடுவரில்லாமல் போடலாம், போடணும். ஆனால் பூங்காவும் கடற்கரையும் மாட வீதியும் மாநகராட்சியுடையவை, நம்ம வரிப்பணத்தில் நிற்பவை. அங்கே போடுகிற கடையை விட்டுக்கொடுத்துட்டு நம்ம தெருவுக்குள்ளேயே கண்காட்சி நடத்தினால், அது பழைய ஊர், சேரிக் கணக்கைத்தான் நாமே திருப்பி எழுதுவதாகும். ரெண்டும் வேணும்.

இந்த நாலையும் ஒரு தாளில் தட்டச்சு செய்து பின்னால் மேசையில் வைத்திருக்கிறேன். அடுத்த கண்காட்சிக்கு மனுப் போடுகிறவர்கள் அதை மனுவோடு குத்தி அனுப்புங்கள். பதில் வந்தால் எனக்கு ஒரு நகல் கொடுங்கள். வராவிட்டாலும் சொல்லுங்கள், இந்தப் பத்திரிகையில் அதையும் போடுவோம். சாவிக்கொத்தாக இல்லாமல், முழு அளவில், அடிச்சா நாலு தெருவுக்குக் கேட்கிற பறையோடு ஒரு ஸ்டால். அதைத்தான் கேட்கிறோம்.

ஜெய்பீம்.